ஸ்லைடு பார்க்கிற தங்கச்சிக்கும் கோடிங் பண்ற தம்பிக்கும்: வீரபாண்டி அக்காவோட டிப்ஸ்

பேத்தாலஜி படிக்கிற தங்கச்சி, "அக்கா, எனக்கு கம்ப்யூட்டர் பக்கம் போகணும்"னு கேக்குறா. இன்ஜினீயரிங் முடிச்ச தம்பி, "அக்கா, எனக்கு ஆஸ்பத்திரி பக்கம் வரணும்"னு கேக்குறான். ஒருத்தி க.விலக்கு மெடிக்கல் காலேஜ், ஒருத்தன் போடி அரசு இன்ஜினீயரிங் காலேஜ். ரெண்டு பேரும் தேடுறது ஒரே வாசல்தான்: பேத்தாலஜி இன்ஃபர்மேட்டிக்ஸ் ஃபெல்லோஷிப். தனித்தனியா பதில் எழுதாம சேர்த்தே எழுதிடுறேன். அடுத்தவங்களுக்கு எழுதினதையும் விடாம படிங்க. இந்த வேலையில ஒருத்தர் பாடம் இன்னொருத்தருக்கும் வேணும்.

முதல்ல இது என்ன படிப்புன்னு தெளிவா வச்சுக்கங்க. சாம்பிள் லேப் வாசல்ல வந்து விழுற நிமிஷத்துல இருந்து, ரிப்போர்ட் நோயாளி கைக்குப் போற வரைக்கும் அந்தத் தகவல் எப்படி நகருது, எங்க சிக்குது, எங்க மாறிப்போகுது, அதை எப்படித் தடுக்கிறதுங்கிறதுதான் படிப்பு. லேப் சாஃப்ட்வேர், மெஷினையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிறது, ஸ்லைடை ஸ்கேன் பண்றது, ஜீன் டெஸ்ட் டேட்டா, ஏஐ எல்லாம் இதுக்குள்ள வரும். இப்போ கேட்டு வர்ற பிள்ளைங்க பத்துக்கு ஒன்பது பேர் ஏஐக்காகத்தான் வர்றாங்க. ஆசைப்படுறதுல தப்பே இல்ல. ஆனா அக்கா சொல்றேன், லேபிள்ல இருந்து ஆரம்பிங்க. லேபிள் தப்பாப் போன லேப்ல ஏஐ எவ்வளவு கெட்டிக்காரத்தனமா பதில் சொன்னாலும் அது வேற ஒருத்தரோட பதில்.

தம்பி, உனக்கு முதல் டிப்ஸ். எந்த விண்ணப்பத்தையும் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஹிஸ்டோபேத்தாலஜி லேப்ல போய் நில்லு. துறைத் தலைவர்கிட்ட எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கிட்டுப் போ. ஃபார்மலின் வாடை முதல் நாள் கண்ணை எரிக்கும், பொறுத்துக்கோ. நம்ம சனங்க "சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க"ன்னு சொல்வாங்களே, அந்தச் சதை பத்து சதவீத ஃபார்மலின் பாட்டில்ல மிதந்துக்கிட்டு வரும். பாட்டில்ல ஒரு பேரு, கூட வர்ற சீட்டுல ஒரு பேரு. ரெண்டையும் பார்த்து ரிஜிஸ்டர்ல ஒரு நம்பர் போடுவாங்க. டாக்டர் சதையை அறுத்துப் பார்த்து, வேண்டிய துண்டைச் சின்ன பிளாஸ்டிக் கேசட்டுல வைப்பாங்க. கேசட்டுல அதே நம்பர். ராத்திரி முழுக்க மெஷின்ல ஊறி, மெழுகுல பதிஞ்சு பிளாக் ஆகும். மைக்ரோடோம்ல நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவுவாங்க. சீவினது வெதுவெதுப்பான தண்ணியில மிதக்கும். கண்ணாடி ஸ்லைடை அடியில விட்டு ஏந்தி எடுப்பாங்க. ஸ்லைடு ஓரத்துல சொரசொரப்பா இருக்கிற வெள்ளைப் பகுதியில திரும்பவும் அந்த நம்பர்.

அந்த நம்பரை எதுல எழுதுறாங்கன்னு உத்துப் பாரு. பென்சில். சாதா பேனா மை ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரைஞ்சு ஓடிடும், பென்சில் எழுத்து நிக்கும். பார்கோடு பிரிண்டர் வாங்க வசதியில்லாத லேப் எல்லாத்துலயும் ஒரு மனுஷனோட புற்றுநோய் முடிவு அந்தப் பென்சில் கோட்டுல நிக்குது. ஒரு 3, 8 மாதிரி தெரிஞ்சாப் போதும். கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை மண்டிக்குப் போகும்போது பெட்டியில வச்ச துண்டுச்சீட்டு மாறினா ஒருத்தர் பணம் இன்னொருத்தருக்குப் போயிடும், அதைக் கேட்டு வாங்கிடலாம். இங்க மாறினா ஒருத்திக்கு இல்லாத நோய்க்கு ஆபரேஷன், இன்னொருத்திக்கு இருக்கிற நோய்க்கு "பயப்பட ஒண்ணுமில்ல".

அந்தத் தண்ணித்தொட்டியையும் விடாம பாரு. முந்தி சீவின பிளாக்கோட துணுக்கு ஒண்ணு தண்ணியில மிஞ்சி மிதந்து, அடுத்த நோயாளி ஸ்லைடுல ஒட்டிக்கிறது உண்டு. எங்க பேச்சுல அது 'ஃப்ளோட்டர்'. அனுபவப்பட்ட கண்ணு, "இந்தத் துண்டு இந்தத் திசுவோட சேராது"ன்னு ஒதுக்கிடும். நீ எழுதப் போற மாடல் ஒதுக்குமா? இந்தக் கேள்வி உனக்கு யூடியூப் பார்த்தா வராது, தொட்டி பக்கத்துல நின்னாத்தான் வரும். நம்பர் எத்தனை இடத்துல கைமாறுதுன்னு ஒரு காகிதத்துல படமா வரைஞ்சு வச்சுக்கோ. டெக்னீஷியன் அண்ணன், அக்காங்ககிட்ட மரியாதையா கேளு. அங்க வருஷக்கணக்கா நிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சது எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

தங்கச்சி, இப்போ உனக்கு. உனக்குத் தண்ணித்தொட்டி தெரியும், டேபிள் தெரியாது. டேபிள்னா டேட்டாபேஸ் டேபிள். எல்லாரும் பைத்தான், டீப் லேர்னிங்னு ஓடுறாங்கன்னு நீயும் ஓடாத. முதல்ல அந்த டேபிள்கிட்ட கேள்வி கேக்குற மொழியான எஸ்.க்யூ.எல். கத்துக்கோ. என்.பி.டெல்ல டேட்டாபேஸ் பாடம் இலவசமா இருக்கு, டியூட்டி முடிஞ்சு ராத்திரி பார்க்கலாம். பைத்தானும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் முறையா வேணும்னா ஐஐடி மெட்ராஸ் 2020-ல அறிவிச்ச ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புல அடிப்படை நிலை மட்டும் படிச்சாலே உனக்குப் போதும். ஜே.இ.இ. எழுதியிருக்கணும்னு அவசியமில்ல.

கத்துக்கிட்டதும் உன் டிபார்ட்மென்ட் லேப் சாஃப்ட்வேர்ல இருந்து, அனுமதியோட, பேரு எல்லாம் எடுத்துட்டு ஒரு வருஷ ரிப்போர்ட்டை இறக்கிக்கோ. ஒரே ஒரு கேள்வி கேளு: பாட்டில் வந்து ரிப்போர்ட் போக எத்தனை நாள் ஆச்சு? சராசரி மட்டும் பார்க்காத. ரொம்ப லேட்டான பத்து சதவீதத்தைத் தனியா எடுத்துப் பாரு. அதுல எத்தனை சுண்ணாம்பு நீக்குற டிகால்சிஃபிகேஷனுக்குக் காத்திருந்த எலும்பு, எத்தனை ஸ்டெயின் இல்லாம நின்னது, எத்தனை வெறுமனே டைப் அடிக்க ஆள் இல்லாம கிடந்ததுன்னு பிரிச்சுப் பாரு. உனக்குத் தெரிஞ்ச மருத்துவமும் புதுசா கத்துக்கிட்ட கணக்கும் அங்கதான் முதல்முறையா கை கோக்கும்.

அடுத்து 'மலிக்னன்சி'ன்னு தேடிப் பாரு. புற்றுநோய் இருக்கிறவங்க மட்டும் வருவாங்கன்னு நினைப்ப. "மலிக்னன்சிக்கான அறிகுறி எதுவும் இல்லை"ன்னு எழுதின ரிப்போர்ட்டும் சேர்ந்து கொட்டும். கதை மாதிரி எழுதுற ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டர் படிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அன்னைக்கு உனக்குப் புரியும். கட்டி எத்தனை சென்டிமீட்டர், ஓரம் சுத்தமா, நெறிக்கட்டி எத்தனையில எத்தனைன்னு கட்டம் கட்டமா எழுதுற சினாப்டிக் ரிப்போர்ட் எதுக்குன்னும் புரியும். இது நம்ம மாநிலத்துக்கே உபயோகமான விஷயம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 2012-ல இருந்து அரசோட சேர்ந்து தமிழ்நாடு முழுக்கப் புற்றுநோய்ப் பதிவேடு நடத்துது. எந்த மாவட்டத்துல எந்தப் புற்றுநோய் கூடுதுன்னு சொல்ற அந்தப் பதிவேட்டுக்கு அஸ்திவாரமே நீயும் நானும் கையெழுத்துப் போடுற பேத்தாலஜி ரிப்போர்ட்தான். நம்ம ரிப்போர்ட்ல தெளிவு இல்லேன்னா தேனி மாவட்டக் கணக்குல தெளிவு இருக்காது.

இப்போ ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு விஷயம், பேரு. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா வெளியூர்ப் புத்தகத்துல இது இல்ல. நம்ம வீரபாண்டியில கௌமாரியம்மன் பேரை வைக்காத வீடு குறைச்சல். கௌமாரி, மாரியம்மாள், மாரிச்சாமி, முத்துமாரின்னு தெருவுக்கு நாலு பேர். ஒரே காலையில ரெண்டு மாரியம்மாள் ரத்தம் கொடுக்கிறது ரொம்ப சாதாரணம். வயசு கேட்டா ரெண்டு பேருமே "ஒரு நாப்பத்தஞ்சு இருக்கும்"பாங்க. வெளிநாட்டு வழியில செஞ்ச சாஃப்ட்வேர் முதல் பேரு, குடும்பப் பேருன்னு ரெண்டு கட்டம் கேக்கும். நமக்குக் குடும்பப் பேரே கிடையாது, இனிஷியல்தான். அந்த இனிஷியல் ஒருதரம் முன்னாடி வரும், ஒருதரம் பின்னாடி வரும். பொம்பளைப் பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், அப்புறம் வீட்டுக்காரர் இனிஷியல். அஞ்சு வருஷம் முன்னாடி எடுத்த பயாப்ஸியைத் தேடினா அது வேற ஆளாத்தான் கம்ப்யூட்டர்ல கிடக்கும். 2021-ல நாடு முழுக்க வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனோட 14 இலக்க ஆபா சுகாதார அடையாள எண் இதுக்கு ஒரு வழி. ஆனா சந்தைக்குப் போற வழியில ரத்தம் கொடுத்துட்டுப் போற அம்மாகிட்ட அந்த நம்பர் கையில இருக்கணுமே. பேரு, ஊரு, போன் நம்பர், பிறந்த வருஷம் எல்லாத்தையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்கிற முறை, தமிழ்ப் பேருக்கு ஒத்துவர்ற எழுத்துப் பொருத்தம், ரெண்டு பேர் ஒண்ணா தெரிஞ்சா மனுஷன்கிட்ட கேக்குற ஒரு நிறுத்தம்... இதை ஒழுங்கா செஞ்சு காட்டுறவங்களை எந்த ஃபெல்லோஷிப் தேர்வுக்குழுவும் லேசுல விடாது.

பேரு மாறினதை எண்ணே காட்டிக்கொடுக்கும் இடமும் இருக்கு, அதையும் தெரிஞ்சுக்கங்க. ரத்த எண்ணிக்கையில எம்.சி.வி.ன்னு ஒண்ணு, சிவப்பணுவோட சராசரி அளவு. ரத்தம் ஏத்தாத ஒரு ஆளுக்கு அது ஒரு நாள்ல பெருசா மாறாது. நேத்து 94 இருந்தவருக்கு இன்னைக்கு 72 வந்தா, ஆள் மாறலேன்னா டியூப் மாறியிருக்குன்னு முதல் சந்தேகம் வரணும். இதுக்குப் பேரு டெல்டா செக். சாஃப்ட்வேர்ல நாலு வரி விதி. இந்த நாலு வரி காப்பாத்துற உயிரோட ஒப்பிட்டா, பெரிய பெரிய ஏஐ செய்தியெல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம்தான்.

டிஜிட்டல் ஸ்லைடு பத்தி. தம்பி, நீ முதல்ல ஒரு கணக்கு போட்டுப் பாரு. நாப்பது மடங்கு பெரிசாக்கி ஸ்கேன் பண்ணா ஒரு பிக்சல் கால் மைக்ரான். திசு 15 மில்லிமீட்டர் சதுரம்னா பக்கத்துக்கு 60,000 பிக்சல், மொத்தம் 360 கோடி. சுருக்காம வச்சா ஒரே ஸ்லைடு 10 ஜிபியைத் தாண்டும். சுருக்கினாலும் ஒரு ஜிபி பக்கம் வச்சுக்கோ. தினம் நூறு ஸ்லைடு போடுற லேப்புக்கு ஒரு வருஷத்துல எத்தனை ஹார்ட் டிஸ்க், எத்தனை வருஷம் வைக்கணும், கரண்ட் போனா என்ன, இன்டர்நெட் எவ்வளவு வேகம் வேணும்? இதுக்குப் பதில் வச்சுக்கிட்டு அப்புறம் ஏஐ பேசு. ஸ்லைடு படத்தைத் திறந்து அளந்து பழக, குபாத் மென்பொருள் இலவசம். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்துல உருவாகி 2017-ல வெளியான கட்டுரையோட உலகம் முழுக்கப் பரவினது. படிக்கிறதுக்கு ஸ்லைடு வேணும்னா டி.சி.ஜி.ஏ.ங்கிற அமெரிக்கப் புற்றுநோய் ஜீன் ஆய்வுத் திட்டத்தோட ஸ்லைடுங்க திறந்தே கிடக்கு. ஐஐடி பாம்பே அமித் சேத்தி குழு செல் கருக்களைப் பிரிச்சறிய உருவாக்கிக் கொடுத்த டேட்டாவையும், அதே வேலைக்கு 2018-ல நடந்த மோனுசெக் போட்டியையும் பார். நம்ம நாட்டுக்காரங்க போட்ட பாதை.

தங்கச்சிக்கு ஒரு ப்ராஜெக்ட் கையில கொடுத்துடுறேன். ஸ்கேன் பண்ண ஸ்லைடைப் பார்த்துச் சொல்ற முடிவு, மைக்ரோஸ்கோப்ல பார்த்துச் சொல்ற முடிவோட ஒத்துப்போகுதான்னு சோதிக்க அமெரிக்கப் பேத்தாலஜிஸ்ட் கல்லூரி 2013-ல ஒரு வழிமுறை போட்டு, 2021-ல புதுப்பிச்சுது. குறைஞ்சது 60 கேஸ். ஒரு முறை பார்த்துட்டு மறுமுறை பார்க்க நடுவுல ரெண்டு வாரமாவது இடைவெளி, ஞாபகம் மறக்கணும்ல. 95 சதவீதம் ஒத்துப்போகணும். ஸ்கேனர் உன் காலேஜ்ல இல்லேன்னா இருக்கிற இடத்தோட சேர்ந்து செய். எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்காம ஒரு ஸ்லைடைக்கூட வெளியே எடுத்துட்டுப் போகாத.

இங்க ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். ஸ்கேன் ஃபைலுக்குள்ள திசுப் படம் மட்டும் இருக்கிறதில்ல, ஸ்லைடு ஓரத்து லேபிளோட படமும் தனியா உள்ள ஒளிஞ்சிருக்கும். ஃபைல் பேரை மாத்திட்டு "பேரை எடுத்துட்டேன்"னு நினைச்சு அனுப்புவீங்க. திறந்தா லேபிள்ல நோயாளி பேரு பளிச்சுன்னு நிக்கும். லேபிள் படத்தை நீக்கின பிறகுதான் அது வெளியே போகணும். 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு, ஐ.சி.எம்.ஆரும் அதே வருஷம் மருத்துவ ஏஐக்கு நெறிமுறை வெளியிட்டாச்சு. ரெண்டையும் படிங்க. சட்டத்துக்குப் பயந்துன்னு இல்ல. நம்ம வீட்டுப் பொம்பளைங்க ரிப்போர்ட் ஊர்ல நாலு பேர் போன்ல சுத்தினா நமக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுக்கிட்டுப் படிங்க. வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் படம் அனுப்புற பழக்கத்தை இன்னைக்கே விடுங்க.

சரி, எங்க போய்ப் படிக்கிறது?

இந்தத் துறை பேரோட பெரிசா வளர்ந்தது அமெரிக்காவுல. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல புரூஸ் ஃப்ரீட்மேன் 1983-லயே லேப் கம்ப்யூட்டர் பத்தி வருஷாந்திர மாநாடு ஆரம்பிச்சாரு. அதுக்கும் முன்னாடி, 1965-ல பேத்தாலஜிஸ்ட்டுங்க தங்களுக்குன்னு போட்டுக்கிட்ட ஸ்னாப் என்ற சொல்வரிசைதான் வளர்ந்து இன்னைக்கு உலகமே பயன்படுத்துற ஸ்னோமெட். இந்தியா அதுல உறுப்பு நாடு, அதனால நமக்கு இலவசம். பேத்தாலஜி இன்ஃபர்மேட்டிக்ஸ் சங்கம் 2000-ல வந்தது. அவங்க சார்புல 2010-ல இருந்து வர்ற ஜர்னல் காசில்லாம படிக்கலாம். ரெசிடென்ட்டுங்களுக்காக அவங்க மத்த அமைப்புகளோட சேர்ந்து போட்ட 'பியர்' பாடத்திட்டத்தை இறக்கி வச்சுக்கிட்டு, எது தெரியும், எது தெரியாதுன்னு பென்சில்ல குறிச்சுக்கங்க. பேத்தாலஜி இன்ஃபர்மேட்டிக்ஸ் பத்தி ஜான் சினார்ட் எழுதின புத்தகம் 2006-ல வந்தது. பழசுதான், ஆனா லேப் சாஃப்ட்வேர் எப்படி யோசிக்குதுன்னு அதுல சொல்லியிருக்கிற மாதிரி தெளிவா வேற எங்கயும் நான் படிக்கல.

தங்கச்சி, அங்க நம்ம துறையையும் சேர்த்து மொத்த மருத்துவத் தகவலையும் பார்க்கிற கிளினிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் 2011-ல தனிப்பிரிவா அங்கீகாரம் வாங்கி, 2013-ல முதல் போர்டு தேர்வு நடந்தது. அந்த ஃபெல்லோஷிப் ரெண்டு வருஷம். சேர பொதுவா அங்கயே ரெசிடென்சி முடிச்சிருக்கணும், அதுக்கு அங்கத்து மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ. எழுதணும். இங்க எம்.டி. முடிச்ச கையோட நேரா போய் உக்காரலாம்னு யாராவது சொன்னா நம்பி லட்சம் லட்சமா கட்டாத. ஜே-1 விசாவுல போனா முடிச்சதும் ரெண்டு வருஷம் சொந்த நாட்டுல இருக்கணும்ங்கிற நிபந்தனை உண்டு. வீட்டுல கல்யாணப் பேச்சு ஓடுற வயசுல இதையெல்லாம் அம்மா அப்பாகிட்ட முன்னாடியே உக்காந்து பேசிடு. நடுவுல பேசினா சண்டை. ஆராய்ச்சி ஃபெல்லோவா போறது இன்னொரு வழி. அதுக்கு உன் 60 கேஸ் ப்ராஜெக்ட் கட்டுரையா வந்திருந்தா பெரிய துணை.

தம்பி, அந்த போர்டு தேர்வு டாக்டருக்கு மட்டும். உனக்கு வழி பிஎச்.டி., ஆராய்ச்சிப் பணி, லேப் டேட்டா அனலிஸ்ட் வேலை. மனசு தளராத. நம்ம நாட்டுலயே உனக்கு நல்ல கதவுங்க இருக்கு. ஐஐடி மெட்ராஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா, வேலூர் சி.எம்.சி. மூணும் சேர்ந்து நடத்துற கிளினிக்கல் இன்ஜினீயரிங் எம்.டெக்.ல ஆஸ்பத்திரிக்குள்ளேயே நின்னு படிக்க வைப்பாங்க, கேட் தேர்வுக்குத் தயாராகு. ஐஐடி பாம்பேயில 2021-ல வந்த கோய்டா டிஜிட்டல் ஹெல்த் மையத்தையும் பார். தங்கச்சிக்கு ஐஐடி காரக்பூர்ல எம்.எம்.எஸ்.டி. இருக்கு. எம்.பி.பி.எஸ். முடிச்சவங்களுக்கு இன்ஜினீயரிங் சொல்லிக்கொடுக்கிற மூணு வருஷப் படிப்பு. டாடா மெமோரியல் முன்னெடுத்து 2012-ல உருவான தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்புல இன்னைக்கு 300-க்கும் மேல ஆஸ்பத்திரி இருக்கு. அவங்க டிஜிட்டல் ஆன்காலஜிக்குத் தனி மையமே வச்சிருக்காங்க. பெங்களூருல ஸ்லைடுல தடவின ரத்தத்தைப் படம் பிடிச்சு எண்ணுற சிக்டப்பிள், ஸ்லைடு ஸ்கேனர் செய்யுற மார்ஃபிள் மாதிரி கம்பெனிங்க உண்டு. அங்க ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு வந்தா அதுவும் படிப்புதான்.

டாக்டரும் இன்ஜினீயரும் சேர்ந்தா என்ன ஆகும்னு பார்க்க சென்னைக்குப் போனாப் போதும். ஐஐடி மெட்ராஸ் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பர்ல 'தரணி'ன்னு கருவில இருக்கிற மூளையோட வரைபடத்தை வெளியிட்டுச்சு. 5,132 மூளைச் சீவல்களை செல் தெரியற அளவுக்கு டிஜிட்டலாக்கி முப்பரிமாணத்துல அடுக்கியிருக்காங்க. உலகத்துல யாரும் இலவசமா திறந்து பார்க்கலாம். சீவினவங்க, சாயம் போட்டவங்க, ஸ்கேன் பண்ணவங்க, கோடிங் பண்ணவங்க, உடற்கூறு சொன்னவங்க எல்லாருமே அதுல உண்டு. எனக்கு அதைப் பார்க்கிறப்ப எல்லாம் பெருமையா இருக்கும்.

இன்டர்வியூவுல அவங்க மட்டும் கேக்கணும்னு இல்ல, நீங்களும் கேளுங்க. லேப் சாஃப்ட்வேரை நான் உள்ள போய்ப் பார்க்கலாமா, இல்ல வெளிய நின்னு பார்க்கிற வேலையா? புது மெஷினை இணைக்கும்போது நான் கூட இருப்பனா? சாஃப்ட்வேர் படுத்துக்கிட்ட ராத்திரி கூப்பிடுற பட்டியல்ல என் பேரு இருக்குமா? போன வருஷம் முடிச்சவங்க இப்போ எங்க இருக்காங்க? அவங்களோட பேச முடியுமா? கடைசி ரெண்டுக்கும் மழுப்பினா எழுந்து வந்துடுங்க. இப்போ 'மருத்துவ ஏஐ ஃபெல்லோஷிப்'னு வார இறுதி வகுப்பு, ஆறு மாசச் சான்றிதழ்னு நிறைய விளம்பரம் வருது. லேப் இல்லாம, நோயாளி டேட்டா இல்லாம, பேரு சொல்ற மாதிரி ஒரு வழிகாட்டி இல்லாம நடக்கிறது எதுவும் ஃபெல்லோஷிப் ஆகாது. அந்தப் பணத்துல நல்ல லேப்டாப் வாங்குங்க.

"இவ்வளவு படிச்சுட்டுத் தேனியில என்ன அக்கா பண்றது?"ன்னு கேக்குறீங்க. நம்ம பள்ளத்தாக்குல ஏற்கெனவே நடந்ததைச் சொல்றேன். 2000-களின் நடுவுல கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்துல எரிக் ப்ரூவரோட டையர் குழு, தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியையும் சுத்துப்பட்டு ஊர்ல இருக்கிற கண் மையங்களையும் நீண்டதூர வைஃபையில இணைச்சாங்க. கிராமத்து மையத்துல உக்காந்திருக்கிற பாட்டியை தேனியில இருக்கிற டாக்டர் வீடியோவுல பார்த்தாரு. அது கண்ணு, நம்ம வேலை திசு. ஆனா பாடம் ஒண்ணுதான். அவங்க 2008-ல எழுதின கட்டுரையில சொன்னது ரேடியோ எவ்வளவு வேகம்ங்கிறது மட்டும் இல்ல. மோசமான கரண்ட் எப்படி மெஷினைக் கெடுக்குது, ரிப்பேர் வந்தா உள்ளூர் ஆளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாம எப்படி எல்லாம் நிக்குது, உள்ளூர் ஆளையே பழக்கினா எப்படி நிலைச்சு நடக்குதுன்னும் சொன்னாங்க. வெளிநாட்டுக் கெட்டிக்காரங்க வந்து கட்டிக் கொடுத்தாலும், கட்டினதைக் காப்பாத்த இங்க பிறந்த ஒரு ஆள் வேணும். அந்த ஆளா நீங்க ரெண்டு பேரும் ஆகணும்னுதான் இவ்வளவும் எழுதுறேன்.

ஏஐக்கும் அதே கதை. கூகுள் 2016-ல வெளியிட்ட சர்க்கரைநோய் விழித்திரை ஆய்வுல மதுரை அரவிந்த் படங்களும் இருந்துச்சு, முடிவு பிரமாதம். பின்னாடி அந்த ஏஐயைத் தாய்லாந்து கிளினிக்குகள்ல வச்சுப் பார்த்தப்ப, அறை வெளிச்சம் சரியில்லாம பல படங்களை மெஷின் திருப்பி அனுப்பிடுச்சு. பேத்தாலஜியில வெளிச்சத்துக்குப் பதில் சாயம். ஹீமடாக்ஸிலின் போட்டதும் ஸ்லைடைக் குழாய்த் தண்ணியில கழுவி நீலமாக்குவோமே, அந்தத் தண்ணி ஊருக்கு ஊரு மாறும். வெளிநாட்டு ஸ்லைடுல பழகின மாடலை நம்ம ஸ்லைடுல ஓட்டும் முன்னாடி நம்ம ஸ்லைடுலயே சோதிக்கணும். சோதிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாத ஆஸ்பத்திரி, விக்கிறவர் சொன்னதை நம்பித்தான் வாங்கும்.

கடைசியா விண்ணப்பக் கடிதம். "சின்ன வயசுல இருந்தே எனக்குத் தொழில்நுட்பத்தில் ஆர்வம்"னு ஆரம்பிக்காதீங்க. ஒரு பிரச்சினை, நீங்க பார்த்தது, அளந்தது, செஞ்சது, செஞ்சபிறகு என்ன மாறிச்சு. ஒரே பக்கம். தம்பி, உன் கடிதத்துல அந்த நம்பர் கைமாறுற படம் இருக்கட்டும். தங்கச்சி, உன் கடிதத்துல ரிப்போர்ட் லேட்டான கணக்கு இருக்கட்டும். ஒருத்தர் கடிதத்தை இன்னொருத்தர் படிச்சுத் திருத்துங்க. தம்பிக்குப் புரியாத மருத்துவச் சொல்லும் தங்கச்சிக்குப் புரியாத கம்ப்யூட்டர் சொல்லும் அதுல ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது. அப்புறம் எனக்கு அனுப்புங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போன் பண்ணுங்க, அதுவரைக்கும் எனக்கு ஸ்லைடு இருக்கும்.